தூரத்தில் இருக்கும் டீமை ஒட்டவைப்பது எப்படி: புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதல் முறையாக ஒரு டீமை உங்கள் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். ஏழெட்டுப் பேர். ஆளுக்கு ஒரு ஊர், இரண்டு பேர் வேறு நாடு. வேலை ஓடுகிறது. ஆனால் மீட்டிங்கில் கேள்வி கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரிவதில்லை. போன மாதம் சேர்ந்தவரின் பெயர்கூடச் சிலருக்குச் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. "டீம் ஸ்பிரிட் கொஞ்சம் டல்லாக இருக்கிறது, ஏதாவது பண்ணுங்கள்" என்று மேலிருந்து ஒரு வரி வருகிறது.

எல்லோருக்கும் உடனே தோன்றுவது வெள்ளிக்கிழமை மாலை ஒரு ஆன்லைன் விளையாட்டு. அதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். வேலை நேரத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் வராத டீமில், வேலை முடிந்தபின் வினாடி வினா நடத்தினால் பாதிப் பேர் கேமராவை அணைத்துவிட்டு மெயில் பார்ப்பார்கள், மீதிப் பேர் மரியாதைக்குச் சிரிப்பார்கள். டீம் ஒட்டுவதும் உதிர்வதும் அன்றாட வேலைக்குள்தான் நடக்கிறது. கேட்டால் பதில் கிடைக்கிறதா, செய்த வேலை நாலு பேர் கண்ணில் படுகிறதா, "எனக்குத் தெரியவில்லை" என்று கூசாமல் சொல்ல முடிகிறதா என்ற மூன்றையும் சரிசெய்தால் மற்றதெல்லாம் பின்னால் வரும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த மூன்றை நோக்கித்தான் போகின்றன.

தூரம் என்ன செய்கிறது

1970களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் தாமஸ் ஆலன், பொறியாளர்களின் மேசைகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் அவர்கள் எவ்வளவு அடிக்கடி பேசிக்கொள்கிறார்கள் என்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தார். தூரம் கூடக்கூடப் பேச்சு மளமளவென்று சரிந்தது. சுமார் 50 மீட்டரைத் தாண்டினால் தொழில் சம்பந்தமான பேச்சு அநேகமாக நின்றேபோனது. ஒரே நிறுவனத்துக்குள் இருந்தவர்களுக்கே இந்தக் கதி.

இன்னொரு பெரிய ஆய்வு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் நடந்தது. அமெரிக்காவில் இருந்த 61,182 ஊழியர்களின் மெயில், சாட், மீட்டிங் விவரங்களை 2019 டிசம்பர் முதல் 2020 ஜூன் வரை எடுத்து ஆராய்ந்தார்கள். முடிவுகள் 2021ல் வெளியாயின. எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியதும் ஏற்கெனவே நெருக்கமாக இருந்தவர்கள் இன்னும் நெருக்கமானார்கள். வேறு பிரிவுகளோடு இருந்த மெல்லிய தொடர்புகள்தான் அறுந்தன. வீடியோ காலை விட மெயிலும் சாட்டுமே அதிகமாயின.

ஆக, தன் போக்கில் விட்டால் டீம் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரியும். யாரும் கெட்டவர் இல்லை, யாருக்கும் கெட்ட எண்ணமும் இல்லை, ஆனாலும் பிரியும். ஆபீஸில் தற்செயலாக நடந்ததை இங்கே நீங்கள் திட்டமிட்டு நடத்த வேண்டியிருக்கிறது.

முதல் படி: கேளுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

வந்த முதல் வாரமே புது மீட்டிங், புது டூல், புது விதி என்று இறங்கிவிடாதீர்கள். ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் தனியாகப் பேசுங்கள். "எப்படிப் போகிறது?" என்று கேட்டால் "நல்லாப் போகிறது" என்றுதான் பதில் வரும், அதனால் குறிப்பாகக் கேளுங்கள். "கடைசியாக எப்போது ஒரு வேலையில் மாட்டிக்கொண்டீர்கள்? யாரிடம் கேட்டீர்கள்? பதில் வர எவ்வளவு நேரம் ஆனது?" இந்த மூன்று கேள்விகளில் டீமின் உண்மையான படம் கிடைத்துவிடும். பல டீம்களில் எல்லோரும் ஒரே ஆளிடம்தான் போய் நிற்பார்கள். அந்த ஆள் லீவு போட்டால் எல்லாம் நின்றுவிடும். அவர் யார் என்று முதல் வாரமே தெரிந்துகொள்வது நல்லது. பெரும்பாலும் டீமிலேயே களைத்துப்போயிருப்பவரும் அவர்தான்.

கூடவே ஒரு விஷயம் கேட்டுவையுங்கள். அவர்களுடைய வேலை நேரம் எது, எந்த நேரத்தில் தொந்தரவு செய்யக் கூடாது. வீட்டில் குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் நேரம், பெற்றோரைக் கவனிக்கும் நேரம் எல்லாம் இதில் வரும். காரணம் சொல்ல வேண்டியதில்லை, நேரம் மட்டும் போதும் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் படி: நடைமுறையை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஆபீஸில் புதிதாக வருபவர் பக்கத்து மேசையைப் பார்த்தே பாதி வழக்கங்களைக் கற்றுக்கொள்வார். ஐந்து மணிக்கு எல்லோரும் கிளம்புகிறார்களா, மேனேஜரைப் பேச்சின் நடுவே மறிக்கலாமா, சந்தேகம் கேட்டால் முகம் சுளிக்கிறார்களா என்று எல்லாமே கண்ணுக்குத் தெரியும். தூரத்திலிருந்து வேலை செய்பவருக்கு எழுதிவைத்தது மட்டும்தான் தெரியும். எழுதிவைக்காத வழக்கம் அவருக்குக் கண்ணிவெடி மாதிரி. மிதித்த பிறகுதான் இருந்தது தெரியும்.

பெரிய ஆவணம் வேண்டாம். திரையில் இரண்டு முறை உருட்டினால் முடிந்துவிட வேண்டும். ஒரு மாதிரி:

- அவசரம் என்றால் போன். அவசரம் என்பது: வாடிக்கையாளரின் வேலை நின்றுவிட்டது, அல்லது இன்றைய டெட்லைன் கைமீறுகிறது.
- வேலை சம்பந்தமான கேள்விகள் டீம் சேனலில் (சாட் செயலியில் டீம் முழுக்கப் பார்க்கும் பொது இடம்). நான்கு மணி நேரத்துக்குள் யாராவது ஒருவர் பதில் சொல்வார். பதில் தெரியாவிட்டாலும் "பார்க்கிறேன்" என்று போடுவோம்.
- மெயிலுக்கு ஒரு வேலை நாள் அவகாசம்.
- வேலை நேரத்துக்கு வெளியே செய்தி அனுப்பலாம். பதில் எதிர்பார்க்கக் கூடாது.
- முடிவுகள் எங்கே எடுத்தாலும் சரி, எழுதும் இடம் ஒன்றுதான்: முடிவுகள் பக்கம். என்ன முடிவு, ஏன், யார் எடுத்தது, எந்தத் தேதி.
- லீவு, தாமதம், சீக்கிரம் கிளம்புவது: காலண்டரில் போட்டால் போதும். விளக்கம் தேவையில்லை.

இதை நீங்களே எழுதி அறிவிப்பாகப் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். பாதி எழுதிய வரைவைக் கொடுத்து, "எந்த வரி நடக்காத காரியம்?" என்று கேளுங்கள். நான்கு மணி நேரம் என்பதில்தான் சண்டை வரும், வரட்டும். அந்தச் சண்டையில்தான் ஒருவர் "எனக்குக் காலையில் மூன்று மணி நேரம் யாரும் கூப்பிடாமல் இருந்தால்தான் வேலை நடக்கும்" என்று முதல் முறையாக வெளியே சொல்வார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பக்கத்தைத் திறந்து, யாரும் பின்பற்றாத வரிகளை அழித்துவிடுங்கள். பின்பற்றாத விதியைச் சுவரில் ஒட்டிவைத்தால் மற்ற விதிகளுக்கும் மதிப்புப் போய்விடும்.

எழுதிவைப்பதை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்று பார்க்க ஆசைப்பட்டால், எல்லோரும் தூரத்திலிருந்தே வேலை செய்யும் மென்பொருள் நிறுவனமான கிட்லேப்பின் கையேடு இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்தே கிடக்கிறது. விடுப்பு எடுப்பது முதல் மீட்டிங் நடத்துவது வரை எல்லாம் அதில் உண்டு. ஏழு பேர் டீமுக்கு அவ்வளவும் தேவையில்லை. ஆனால் ஒரு கேள்விக்குப் பதிலை எப்படி எழுதிவைப்பது என்பதற்கு நல்ல மாதிரி.

வேலை நேரத்துக்கு வெளியே தொடர்புகொள்வது பற்றிச் சில நாடுகளில் சட்டமே இருக்கிறது. பிரான்ஸில் 2017 முதல், குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆட்கள் உள்ள நிறுவனங்கள் இதுபற்றி ஊழியர் தரப்போடு பேசியாக வேண்டும். போர்ச்சுகல் 2021ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. உங்கள் டீம் பல நாடுகளில் பரவியிருந்தால் மனிதவளத் துறையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பேச்சைத் தனிச்செய்தியிலிருந்து பொதுவுக்குக் கொண்டுவாருங்கள்

சாட் செயலி ஸ்லாக் ஆனாலும் டீம்ஸ் ஆனாலும் நோய் ஒன்றுதான். எல்லோரும் தனிச்செய்தியில் கேட்கிறார்கள், தனிச்செய்தியில் பதில் வாங்குகிறார்கள். அதே கேள்வியை அடுத்த வாரம் இன்னொருவர் அதே ஆளிடம் கேட்கிறார். பொது சேனல் வெறிச்சோடிக் கிடக்கிறது. அதைப் பார்க்கும் புதியவர், "இங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை போல" என்று முடிவுகட்டுகிறார்.

பொது இடத்தில் கேட்கச் சொல்லி அறிவுரை சொன்னால் மட்டும் யாரும் மாற மாட்டார்கள், ஏனென்றால் தடையாக இருப்பது பயம். அதனால் முதல் கேள்வியை நீங்கள் கேளுங்கள். அதுவும் கொஞ்சம் அசட்டுத்தனமான கேள்வியாக இருந்தால் ரொம்ப நல்லது. "இந்த ரிப்போர்ட்டில் மூன்றாவது பத்தி என்ன கணக்கு? நான் இதுவரை தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன்" என்று டீம் லீடே போட்டால், மற்றவர்களுக்குத் தைரியம் வரும். யாராவது தனிச்செய்தியில் கேட்டால், "நல்ல கேள்வி, இதைச் சேனலில் போடுங்கள், அங்கேயே பதில் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். பத்துப் பதினைந்து முறை சொல்ல வேண்டியிருக்கும், அலுக்காமல் சொல்லுங்கள்.

ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தபோது, நல்ல தலைமையும் நல்ல உறவும் இருந்த பிரிவுகளில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே தவறு கூடுதலாக நடந்ததா? அங்கே ஆட்கள் தவறை மறைக்காமல் சொன்னார்கள் என்பதே அவர் கொண்ட விளக்கம். தூரத்து டீமுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். ஆபீஸில் முகத்தைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்று கண்டுபிடித்துவிடலாம். இங்கே சொன்னால்தான் உண்டு. யாராவது "நான் தப்பாக ஒரு ஃபைலை அழித்துவிட்டேன்" என்று சேனலில் போட்டால், அடுத்து வரும் முதல் வரி உங்களுடையதாக இருக்கட்டும். "சீக்கிரம் சொன்னதற்கு நன்றி. பேக்கப் எந்தத் தேதி வரை இருக்கிறது?" என்று கேளுங்கள், போதும். எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எழுத்தில் தொனி

க்ரூகர், எப்ளி முதலிய உளவியலாளர்கள் 2005ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இது. கிண்டலாகவோ நிஜமாகவோ சில வாக்கியங்களை மெயிலில் அனுப்பச் சொன்னார்கள். படிப்பவர்கள் சுமார் 78 சதவீதம் சரியாகக் கண்டுபிடிப்பார்கள் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். கண்டுபிடித்தது 56 சதவீதம்தான். காசைச் சுண்டிப் போட்டாலே 50 கிடைக்கும். குரலில் சொன்னபோது 70க்கு மேல் சரியாக வந்தது.

உங்கள் டீமில் இது எப்படி வரும் என்றால், "இதை ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று ஒருவர் எழுதுவார். அவருக்கு அது வெறும் சந்தேகம். படிப்பவருக்கோ குற்றச்சாட்டு. மதியம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பார். அதே கேள்வியை, "இதைப் புரிந்துகொள்ளக் கேட்கிறேன்: பழைய முறையை விட்டதற்கு என்ன காரணம்?" என்று எழுதினால் பிரச்சினை இல்லை. இப்படி எழுதப் பழக்கும் சுலபமான வழி, நீங்கள் எழுதுவதில் காரணத்தை முதலில் வைப்பது. எமோஜி சின்னப்பிள்ளைத்தனம் என்று நினைக்காதீர்கள். ஒற்றை "சரி" என்ற பதிலுக்கும் பக்கத்தில் கட்டைவிரல் போட்ட "சரி" என்ற பதிலுக்கும் வித்தியாசம் இருக்கிறது. மேலதிகாரியிடமிருந்து வரும்போது இந்த வித்தியாசம் இன்னும் பெரிசு. "கொஞ்சம் பேசலாமா?" என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விடுவது பெரும் பாவம், எதைப் பற்றி என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நான்காம் படி: மீட்டிங்கைக் குறையுங்கள், இருப்பதை ஒழுங்காக நடத்துங்கள்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021ல் வீடியோ மீட்டிங் ஏன் இவ்வளவு களைப்பாக்குகிறது என்று நான்கு காரணங்களை முன்வைத்தார்: எல்லோருடைய கண்ணும் மிக நெருக்கத்தில் நம்மையே பார்ப்பது, நம் முகத்தையே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது, நகர முடியாமல் உட்கார்ந்திருப்பது, சைகைகளைப் புரிந்துகொள்ளவும் புரியவைக்கவும் மூளை கூடுதலாக உழைப்பது. இதற்கு மருந்தும் அதிலேயே இருக்கிறது. தன் முகம் தெரியாதபடி மறைக்கும் வசதியைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். இரண்டே பேர் பேசுவதாக இருந்தால் கேமரா இல்லாமல் போனில், நடந்துகொண்டே பேசுங்கள். கேமரா கட்டாயம் என்ற விதியை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். முதல் அறிமுகத்துக்கும் சிக்கலான பேச்சுக்கும் கேமரா நல்லது. யார் என்ன செய்கிறார்கள் என்று சொல்லும் தினசரிக் குட்டி மீட்டிங்குக்கு (ஸ்டேண்ட்அப்) எதற்கு?

தினசரி அப்டேட்டை எழுத்துக்கு மாற்றிவிடலாம்: நேற்று முடித்தது, இன்று செய்வது, எங்கே மாட்டியிருக்கிறேன். மூன்றாவது வரி வாரக்கணக்கில் எல்லோருக்கும் காலியாகவே இருந்தால் சந்தேகப்படுங்கள். வாரம் ஒருமுறை எல்லோரும் சேரும் மீட்டிங் ஒன்று போதும். அதில் பேசும் விஷயங்களை முந்தின நாளே எழுதிப் போடுங்கள். கேள்வியை அந்தரத்தில் விடாதீர்கள். "யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்றால் மௌனம்தான் வரும். எல்லோரும் இரண்டு நிமிடம் சாட்டில் எழுதட்டும், அப்புறம் அதிலிருந்து எடுத்துப் பேசலாம். சத்தமாகப் பேசத் தெரிந்த இரண்டு பேர் மட்டுமே பேசும் நிலை இதனால் மாறும்.

நேர மண்டலம் வேறு வேறாக இருந்தால், அகால நேரத்தில் உட்காரும் கஷ்டத்தைச் சுற்றில் விடுங்கள். எப்போதும் ஒரே ஆள் இரவு பதினொரு மணிக்கு விழித்திருக்கக் கூடாது. இன்னொரு சின்னச் சிக்கல்: கோடைக்கால நேரத்துக்காக அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றும், ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறன்றுதான் மாற்றும். அக்டோபர் கடைசியிலும் ஒரு வாரம் இப்படித்தான். அந்த இடைப்பட்ட நாட்களில் மீட்டிங்குக்கு யாராவது ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ வந்து நிற்பார். காலண்டரில் முன்கூட்டியே குறித்துவையுங்கள்.

ஐந்தாம் படி: தனிச்சந்திப்பு

ஒவ்வொருவருக்கும் வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம். இதை ரத்து செய்யாதீர்கள். வேறு வேலை வந்தால் தள்ளிவையுங்கள், புதுத் தேதியோடு. வேலையின் நிலவரம் கேட்க இது இடமில்லை, அது வேலைகளைப் பதியும் டூலிலேயே இருக்கிறது. அவருக்கு என்ன கற்றுக்கொள்ள ஆசை, எது சலிப்பாக இருக்கிறது, யாரோடு வேலை செய்வது கஷ்டமாக இருக்கிறது, இதெல்லாம் பேச இது நேரம். முதல் இரண்டு மூன்று முறை ஒன்றும் பெரிதாக வராது. பொறுங்கள்.

ஆறாம் படி: புதிதாகச் சேர்பவரின் முதல் இரண்டு வாரம்

டீமின் கலாச்சாரம் எந்த நிலையில் இருக்கிறது என்பது புதிதாகச் சேர்பவரின் முதல் நாளில் பச்சையாகத் தெரிந்துவிடும். லேப்டாப் வந்து சேரவில்லை, லாகின் வேலை செய்யவில்லை, வரவேற்பு மெயில் ஒன்று, அப்புறம் மூன்று மணி நேரம் வெறுமை. ஆபீஸாக இருந்தால் யாராவது வந்து, "வாங்க, இடம் காட்டுகிறேன்" என்றிருப்பார்கள். வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பவர், தான் வந்ததே யாருக்கும் தெரியாதோ என்று யோசிப்பார்.

சேர்வதற்கு ஒரு வாரம் முன்பே கணினி, கணக்குகள், அனுமதிகள் எல்லாம் தயாரா என்று நீங்களே சரிபாருங்கள். யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று விடாதீர்கள். முதல் நாளின் நேர அட்டவணையை முந்தின நாளே அனுப்புங்கள், வெறுமையான நேரத்துக்கும் என்ன செய்யலாம் என்று எழுதுங்கள். முதல் காலை நீங்கள் அரை மணி நேரம் பேசுங்கள். டீமில் ஒருவரைத் துணையாகப் போடுங்கள். புதியவருக்கு மேலதிகாரியாக இல்லாத ஒருவர். அந்தத் துணைக்கு இது கூடுதல் வேலை என்பதால், அந்த இரண்டு வாரம் அவருடைய வேலைச் சுமையில் கொஞ்சம் குறையுங்கள். குறைக்காமல் "நீயே பார்த்துக்கொள்" என்றால் அவர் அவசர அவசரமாகத்தான் பதில் சொல்வார், புதியவரும் கேட்பதை நிறுத்திவிடுவார்.

முதல் வாரத்துக்குள் உண்மையிலேயே பயன்படும் ஒரு சின்ன வேலையை அவர் முடித்துவிட வேண்டும். நடைமுறைப் பக்கத்தில் பழசாகிப்போன ஒரு வரியைத் திருத்துவது அதற்கு அருமையான வேலை. புதியவரின் கண்ணுக்குத்தான் அது தெரியும், திருத்திய கையோடு அவர் பெயரும் அந்தப் பக்கத்தில் ஏறிவிடும். வேர்ட்பிரஸ்.காம் தளத்தை நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம் 2005ல் தொடங்கியதிலிருந்தே சிதறிய இடங்களில் இருந்து வேலை செய்யும் நிறுவனம். அங்கே எந்தப் பதவிக்கு வந்தாலும் புதியவர்கள் முதலில் சில வாரங்கள் வாடிக்கையாளர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வேலை பார்ப்பது வழக்கம். பொருள் என்ன, அதைப் பயன்படுத்துபவர் யார், உள்ளே யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அதிலேயே பிடிபட்டுவிடும்.

இரண்டாவது வாரத்தில் டீமுக்கு வெளியே ஐந்து பேரோடு இருபது இருபது நிமிட அறிமுகப் பேச்சு வைத்துக்கொடுங்கள். மெல்லிய தொடர்புகள்தான் முதலில் அறுகின்றன என்று மேலே பார்த்தோமே, அவற்றைப் பின்ன வேறு வழியில்லை.

அரட்டை, விளையாட்டு வகையறா

சரி, இப்போது வெள்ளிக்கிழமை விளையாட்டுக்கு வரலாம். வையுங்கள், ஆனால் வேலை நேரத்துக்குள் வையுங்கள், வராதவரை ஏன் என்று கேட்காதீர்கள். படம், செல்லப்பிராணி, படித்தது என்று ஒரு அரட்டை சேனல் தொடங்குங்கள்; நீங்கள் அதில் எட்டிப்பார்த்தால் போதும், அங்கேயே குடியிருக்க வேண்டாம். மேலதிகாரி எப்போதும் உட்கார்ந்திருக்கும் இடத்தில் யாரும் அரட்டை அடிக்க மாட்டார்கள். பேச்சுக் குறைவானவர்களுக்கு, இருவர் இருவராகப் பெயர் சேர்த்துவிட்டுப் பதினைந்து நிமிடம் பேசவிடுவது பெரிய கூட்டத்தை விட நன்றாக வேலை செய்கிறது.

ஏழாம் படி: கண்ணில் படாத உழைப்பைக் கண்ணில் படச் செய்யுங்கள்

பொருளாதாரப் பேராசிரியர் நிக்கோலஸ் ப்ளூமும் அவருடைய குழுவினரும் சீனப் பயண நிறுவனம் ஒன்றின் கால் சென்டரில் நடத்திய சோதனை 2015ல் வெளியானது. ஒன்பது மாதம் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் செயல்திறன் 13 சதவீதம் கூடியது. ஆனால் அதே அளவு வேலை செய்த ஆபீஸ்காரர்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. சோதனை முடிந்தபின் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களில் பாதிப் பேர் ஆபீஸுக்கே திரும்பினார்கள். தனிமையை முக்கியக் காரணமாகச் சொன்னார்கள்.

பதவி உயர்வுக் கூட்டத்துக்கு நீங்கள் போகும்போது உங்கள் நினைவை நம்பாதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்புப் பக்கம் வைத்து மாதம் ஒருமுறை இரண்டு வரி எழுதிவையுங்கள். மற்றவரின் வேலையைச் சரிபார்த்துக் கொடுத்தது, புதியவருக்குச் சொல்லிக்கொடுத்தது போன்ற வேலைகள் எந்த ரிப்போர்ட்டிலும் வராது, அதனால் அவற்றைத்தான் முதலில் எழுதுங்கள். பாராட்டும்போது "சூப்பர் டீம்!" என்று பொத்தாம்பொதுவாகப் பாராட்டினால் யாரையும் பாராட்டியதாக ஆகாது. "நேற்று இரவு வந்த புகாரில், வாடிக்கையாளரிடம் திரும்பத் திரும்பக் கேட்காமல் பழைய பதிவுகளிலிருந்தே காரணத்தைக் கண்டுபிடித்தீர்கள், அதனால் இரண்டு நாள் மிச்சம்" என்று சொன்னால் அவருக்கும் தெரியும், மற்றவர்களும் கற்றுக்கொள்வார்கள். சிலருக்குப் பொதுவில் பாராட்டுவது கூச்சம், தனிச்சந்திப்பில் கேட்டுவையுங்கள்.

டீமில் சிலர் ஆபீஸிலும் சிலர் வீட்டிலும் இருந்தால் இந்தக் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். மீட்டிங் அறையில் ஐந்து பேர் ஒரே மைக்கைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, வெளியே இருக்கும் இரண்டு பேரைத் திரையின் மூலையில் தொங்கவிடுவது கூடாது. எல்லோரும் அவரவர் கணினியிலிருந்து சேரட்டும். மீட்டிங் முடிந்தபின் நடைவழியில் எடுத்த முடிவு, முடிவுகள் பக்கத்தில் ஏறாத வரை முடிவே ஆகாது.

கண்காணிப்பு மென்பொருள் பற்றி ஒரே ஒரு வார்த்தை. மவுஸ் அசைகிறதா என்று பார்ப்பது, நிமிடத்துக்கு ஒருமுறை கணினித் திரையைப் படம் எடுப்பது என்று யாராவது விற்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மவுஸை அசைத்துக்கொண்டிருக்கும் கருவிகளும் கடையில் கிடைக்கின்றன.

எட்டாம் படி: மனக்கசப்பு

தூரத்து டீமில் சண்டை சத்தமாக வராது. பதில்கள் சுருங்கும். பெயர் சொல்லி எழுதியவர் "தெரிவிக்கப்படுகிறது" என்று எழுத ஆரம்பிப்பார். ஒருவர் போட்ட செய்திக்கு இன்னொருவர் மட்டும் எதுவும் சொல்ல மாட்டார். மெயிலில் காரணமில்லாமல் உங்களை நகலில் சேர்ப்பார்கள். இதில் இரண்டு கண்ணில் பட்டால் இறங்கிவிடுங்கள்.

எழுத்தில் தீர்க்கப் பார்க்காதீர்கள். ஒரே விஷயத்தில் மூன்று சுற்றுப் பதில்கள் போய்விட்டால் எழுத்தை நிறுத்திப் பேச வேண்டும் என்று நடைமுறைப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். முதலில் இருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். "அவர் என்ன செய்தார்?" என்று கேட்டால் வழக்குத்தான் வரும். "எந்தச் செய்தியிலிருந்து இது தொடங்கியது? அதை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட செய்தி இருக்கும். அப்புறம் மூவரும் கேமராவோடு உட்கார்ந்து அந்தச் செய்தியைத் திரையில் வைத்து, எழுதியவர் என்ன நினைத்து எழுதினார், படித்தவருக்கு அது எப்படிப் பட்டது என்று பேசலாம். பேசி முடித்தபின், இனி என்ன செய்வது என்பதை மட்டும் இரண்டு வரி எழுதி இருவருக்கும் அனுப்புங்கள். வேண்டுமென்றே ஒருவரைச் சிறுமைப்படுத்தியிருந்தால் இது பொருந்தாது. அது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய விஷயம், மனிதவளத் துறையிடம் போங்கள்.

நேரில் சந்திப்பது

வருடத்துக்கு ஒருமுறையாவது எல்லோரும் ஓரிடத்தில் கூட முடிந்தால் கூடுங்கள். மேலே சொன்ன ஆட்டோமேட்டிக் போன்ற நிறுவனங்களே அதற்குப் பணம் செலவழிக்கின்றன. நாள் முழுக்க ஸ்லைடு காட்டி அந்த வாய்ப்பை வீணாக்காதீர்கள். அவற்றை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். பாதி நாள் தூரத்திலிருந்து தீர்க்க முடியாத ஒரு சிக்கலை வைத்து வேலை செய்யுங்கள், மீதி நாளை நிகழ்ச்சிநிரல் இல்லாமல் விடுங்கள். பயணம் செய்ய முடியாதவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். தேதி குறிக்கும் முன்பே அவரிடம் கேளுங்கள். பெரிய முடிவுகளை அவர் இல்லாத அறையில் எடுக்காதீர்கள்.

ஒருவர் டீமை விட்டுப் போகும்போது

இதை யாரும் திட்டமிடுவதில்லை. ஒரு நாள் சேனலில் ஒருவரின் பெயர் காணாமல் போகும், இரண்டு வாரம் கழித்துத்தான் மற்றவர்களுக்குத் தெரியும். இருப்பவர்கள் அதைப் பார்த்து, நாளை நமக்கும் இதுதான் என்று கணக்குப் போடுவார்கள்.

போவது உறுதியானதும், அவர் சம்மதத்தோடு, நீங்களே டீமுக்குச் சொல்லுங்கள். வதந்திக்கு ஒரு நாள் இடைவெளிகூடக் கொடுக்காதீர்கள். அவர் கையில் உள்ள வேலைகளின் பட்டியலை முதல் வாரமே எழுதச் சொல்லுங்கள், கடைசி நாளில் கேட்டால் பாதி விட்டுப்போகும். கடைசி நாளுக்கு முந்தின நாள் இருபது நிமிடம் எல்லோரும் சேர்ந்து, அவரோடு செய்த ஏதாவது ஒரு வேலையைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்லட்டும். கணக்குகள் எத்தனை மணிக்கு மூடப்படும் என்பதை ஐ.டி. பிரிவிடம் கேட்டு அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விடைபெறும் செய்தியைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே லாகின் துண்டிக்கப்படுவது பல இடங்களில் நடக்கிறது.